எப்போதும் ஜெயிக்கும் டிஸ்க் கோல்ஃப் சாம்பியன் ஒரு போட்டியில் படுமோசமாக ஆடினால், அவர் கதை முடிந்ததா?

கேள்வி கேட்டவரின் ஆதங்கம் புரிகிறது. பல ஆண்டுகளாக மற்றவர்களைத் துவைத்துக் காயப்போட்ட ஒரு சாம்பியன், ஒரு பெரிய போட்டியில் முதல் இருபது இடங்களுக்குள்கூட வரவில்லை. என்ன ஆயிற்று அவருக்கு, இனி எழுந்து வருவாரா என்கிறார். என் பதில்: ஒரே ஒரு போட்டியை வைத்துக்கொண்டு "முடிந்தது" என்று சொல்வது அவசரம். ஆனால் அந்தப் போட்டியில் எறிகள் எங்கே வீணாயின என்று பிரித்துப் பார்த்தால், கவலைப்பட வேண்டிய தோல்வியா இல்லையா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து மடக்கி எடுத்துப்போகிற கூடை ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வெயில் ஏறும்முன் திடலில் எறிகிற கூட்டம் எங்களுடையது. அமெரிக்கப் போட்டிகளின் கடைசிச் சுற்று அங்கே மாலையில் முடியும்போது இங்கே விடியற்காலை. அதனால் தோற்ற சாம்பியனைப் பற்றிய வாக்குவாதம் பெரும்பாலும் கோப்பிக்கடையில், முதல் தே-யோடு ஆரம்பிக்கும்.

விளையாட்டே தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கோல்ஃப் மாதிரிதான், ஆனால் பந்துக்குப் பதில் டிஸ்க், குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. குறைவான எறிகளில் முடிப்பவர் வெற்றியாளர். அந்தச் சங்கிலிக் கூடையை எழுபதுகளில் உருவாக்கியவர் எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர். 2002இல் அவர் இறந்த பிறகு, அவர் ஆசைப்படியே அவருடைய சாம்பலைக் கலந்து டிஸ்க் வார்த்தார்கள். இப்படிப்பட்ட பைத்தியங்கள் நிறைந்த ஆட்டம் இது.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்த விளையாட்டில் முதலிடத்துக்கும் முப்பதாம் இடத்துக்கும் நடுவே இருக்கும் தூரம் வெளியே இருந்து பார்ப்பதைவிட மிகச் சிறியது. பிடிஜிஏ என்ற உலக அமைப்பு ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு ரேட்டிங் கொடுக்கிறது. நல்ல தேர்ந்த ஆட்டத்துக்கு 1000 புள்ளி என்பது அளவுகோல். சாதாரணமான ஒரு மைதானத்தில் ஓர் எறி ஏறத்தாழ 10 புள்ளிக்குச் சமம். பால் மெக்பெத் போன்றவர்கள் உச்சத்தில் 1050ஐத் தாண்டியவர்கள். அப்படி ஒருவர் ஒரு வாரம் 1030 அளவில் ஆடினால், சுற்றுக்கு இரண்டு எறி கூடுதல். நான்கு சுற்றுக்கு எட்டு. பதினெட்டு ஹோல் (ஒவ்வொன்றுக்கும் ஒரு கூடை) கொண்ட சுற்றில் இரண்டே இரண்டு எறி! திரையில் பார்க்கும் நமக்கு அது கண்ணிலேயே படாது. ஆனால் கோப்பையோடு நிற்க வேண்டியவர் பெயர்ப்பட்டியலில் எங்கேயோ நடுவில் போய்விடுவார்.

அந்த எட்டு எறி எங்கே போகும்? பாதிக்கு மேல் பட்டிங்கில்தான், அதாவது கிட்டத்திலிருந்து கூடைக்குள் எறிவதில்தான், போகும் என்பது என் அனுபவ ஊகம். கூடையிலிருந்து பத்து மீட்டருக்குள் எறிவதை முதல் வட்டம் என்பார்கள். ஒரு சாம்பியனுக்குச் சுற்றுக்குப் பத்து முறை நாலு மீட்டருக்கும் பத்து மீட்டருக்கும் இடையிலிருந்து பட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல வாரத்தில் பத்துக்கு ஒன்பது விழும். மோசமான வாரத்தில் ஏழோ எட்டோதான் விழும். சராசரியாக ஒன்றரை எறி நஷ்டம், நான்கு சுற்றில் ஆறு எறி. டிரைவ், அதாவது தொடக்கத்து நீள எறி, எல்லாம் வழக்கம்போல அழகாகப் பறந்திருக்கும், வர்ணனையாளரும் ஆகா ஓகோ என்று புகழ்ந்திருப்பார், ஆனால் ஸ்கோர் அட்டை மட்டும் அழும்.

எங்கள் கூட்டத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார், பேருந்து ஓட்டுநர். எங்களில் பட்டிங் அவர்தான் ராஜா. ஒருநாள் கூடையை ஒரு சரிவின் மேல் வைத்திருந்தோம். ஏழெட்டு மீட்டரிலிருந்து எறிந்தார். டிஸ்க் சங்கிலியில் படாமல் கூடையின் விளிம்பில் இடித்துக் கீழே விழுந்தது. விழுந்தது தட்டையாக விழுந்திருக்கலாம் அல்லவா? விளிம்பில் நின்றது, ஒரு கணம் யோசிப்பதுபோல ஆடியது, அப்புறம் புல்லில் உருண்டு சரிவில் இறங்கி, நடைபாதையைத் தாண்டி நேரே லோங்காங்கில், அதாவது வடிகாலில். "போச்சுடா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். ஆனால் அன்று முழுவதும் அவர் பட் ஒவ்வொன்றும் சங்கிலிக்கு ஒரு சாண் முன்னாலேயே விழுந்தது. உருண்டு போய்விடுமோ என்ற பயத்தில் கை தானாகவே வேகத்தைக் குறைத்துவிட்டது. "அண்ணே, கொஞ்சம் மேலே குறி வையுங்கள்" என்று சொன்னதற்கு, "மேலேதான்டா வைக்கிறேன், கை கேட்கமாட்டேங்குது" என்றார்.

உலகச் சாம்பியனுக்கும் இது நடக்கும். வியாழக்கிழமை ஒரு டிஸ்க் உருண்டு எல்லைக் கோட்டைத் தாண்டி ஓபி ஆனால், அங்கே ஒரு தண்ட எறி சேரும். அதோடு விட்டால் பரவாயில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் பத்து மீட்டர் பட் வரும்போதெல்லாம் குறி வைப்பதா, பக்கத்தில் போட்டுவிட்டு ஒழுங்காக முடிப்பதா என்று மனம் இழுபறியில் நிற்கும். எண்களில் அந்த முதல் உருளல் ஒரே எறிதான். அதன் வால் நீளம்.

காற்று அடுத்த வில்லன். டிஸ்க்கின் எடை பெரும்பாலும் 150இலிருந்து 175 கிராம்தான். எதிர்காற்று அடித்தால், டிஸ்க்குக்குத் தான் இன்னும் வேகமாகப் பறப்பதுபோலத்தான். வலக்கைக்காரர் வழக்கமாகப் புறங்கையில் எறிவது, அப்போது வலப்பக்கம் திரும்பிக்கொண்டே போகும். பின்காற்றில் நேர்மாறு: சீக்கிரம் தளர்ந்து இடப்பக்கம் விழும். மூக்கு, அதாவது டிஸ்க்கின் முன்விளிம்பு, கொஞ்சம் மேலே தூக்கியிருந்தால் எதிர்காற்று அதை அப்படியே வானத்துக்கு ஏற்றிவிடும். இங்கே விடியற்காலையில் சுமத்ராக் காற்று வீசி முடித்த அரைமணி நேரத்தில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா பக்கம் எறிந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா இதற்குப் பேர்போன ஊர். சமவெளி, தடுக்க ஒன்றும் கிடையாது. அங்கே காலையில் ஆடிய குழுவுக்கும் பிற்பகலில் ஆடிய குழுவுக்கும் இரண்டு வேறு மைதானம் கிடைத்த மாதிரி இருக்கும். பின்தங்கியவர் எந்த நேரத்தில் ஆடினார் என்று முதலில் பாருங்கள்.

மரங்கள் நிறைந்த மைதானம் என்றால் கணக்கு இன்னும் கொடுமை. கை விடும் கோணம் 2 பாகை பிசகினால், 60 மீட்டர் தூரத்தில் டிஸ்க் 2 மீட்டருக்கு மேல் விலகியிருக்கும். நான்கு மீட்டர் இடைவெளியில் இரண்டு மரம் நின்றால், நடுவைக் குறிவைத்து எறிந்தாலும் மரத்தில்தான் மோதும். மோதியது எங்கே தெறிக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஒரே மாதிரி பிழையான இரண்டு எறி, ஒன்று பாதையின் நடுவே வந்து விழும், மற்றது புதருக்குள் போகும். தோற்ற வாரத்தில் புதருக்குள் போனவை அதிகம் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லாமலும் இருக்கலாம். ரசிகர்களுக்கு இந்தப் பதில் பிடிக்காது. எங்களுக்கே பிடிப்பதில்லை. கதை வேண்டும் நமக்கு.

கதை வேண்டும் என்றால் மெக்பெத்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012இலிருந்து 2015 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டம். அப்புறம் 2016இலும் 2017இலும் ரிக்கி வைசாக்கி தட்டிக்கொண்டு போனார், 2018இல் கிரெக் பார்ஸ்பி. மூன்று ஆண்டு வறட்சி. பட்டியலை மட்டும் பார்க்கிறவர், இருபத்தெட்டு வயதுக்குள் மனிதர் தேய்ந்துவிட்டார் என்றுதான் முடிவு கட்டுவார். ஆனால் அதே 2018இல்தான் மிச்சிகனில் நடந்த கிரேட் லேக்ஸ் ஓப்பனில் ஒரே சுற்றில் பாருக்கு, அதாவது மைதானத்துக்கு விதித்த எறிக் கணக்குக்கு, 18 குறைவாக ஆடினார். பதினெட்டு ஹோலில் பதினெட்டு! உலகப் பட்டம் கைநழுவிய ஆண்டும், பேசிப் பேசி மாளாத அந்தச் சுற்றும் ஒரே ஆண்டு. அடுத்த ஆண்டு டிஸ்க் செய்யும் இன்னோவா நிறுவனத்தை விட்டு டிஸ்கிராஃப்ட்டுக்கு மாறினார். பையில் இருந்த டிஸ்க் மொத்தத்தையும் மாற்ற வேண்டிய நிலை. பழகிய டிஸ்க் என்பது தேயத் தேயப் பறக்கும் விதம் மாறி நம் கைக்கு வசப்பட்டது, அதைக் கொடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது சாதாரணமல்ல. அந்த 2019இலேயே உலகப் பட்டத்தை மீட்டார். 2022இல் மறுபடியும், அதுவும் 2016இல் வைசாக்கியிடம் விட்ட அதே எம்போரியாவில்.

நடுவே 2021 ஒன்று இருக்கிறது. யூட்டா மாநிலம் ஆக்டென். கடைசி ஹோலில் மெக்பெத் ஓர் எறி முன்னிலை. ஜேம்ஸ் கான்ராட் சுமார் 75 மீட்டரிலிருந்து எறிந்ததை நேராகக் கூடைக்குள் போட்டார். ஆட்டம் சமன், சமனை முறிக்கும் பிளேஆஃபில் பட்டம் கான்ராடுக்கு. அந்தக் காணொளியை இந்த விளையாட்டைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள். மெக்பெத் அன்று என்ன தவறு செய்தார்? ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் நம்ப முடியாத ஒன்றைச் செய்தார், அவ்வளவுதான். முடிவுப் பட்டியலில் அது "தோல்வி" என்றே பதிவாகியிருக்கிறது. அதனால்தான் நான் இடத்தைப் பார்ப்பதைவிட எறிகளைப் பார்க்கச் சொல்கிறேன்.

எதிராளிகளையும் மறந்துவிடக் கூடாது. கென் கிளைமோ 1990இலிருந்து 1998 வரை தொடர்ந்து ஒன்பது உலகப் பட்டம் வென்றார், மொத்தம் பன்னிரண்டு. அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அப்போது இதை முழுநேரத் தொழிலாகச் செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இன்று மெக்பெத்துக்குப் பத்து ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் என்ற செய்தியைப் படித்தே வளர்ந்த பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கேனன் பூர் 2022இல் அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப்பை வென்றபோது வயது 17. பெண்கள் பிரிவில் எஸ்டோனியாவிலிருந்து கிறிஸ்டின் டட்டர் வந்து 2022, 2023 இரண்டு உலகப் பட்டத்தையும் எடுத்துப் போனார். முன்பு சாம்பியன் சுமாராக ஆடினாலும் ஐந்தாம் இடம் கிடைக்கும். இப்போது அதே ஆட்டத்துக்கு இருபத்தைந்தாம் இடம்.

இங்கே கோப்பிக்கடையில் இந்தப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் எங்கள் நீச்சல்வீரர் ஜோசப் ஸ்கூலிங்கை இழுக்காமல் இருக்கமாட்டார். 2016இல் ரியோவில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் 50.39 விநாடி, பெல்ப்ஸை முந்தி நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம். தோக்கியோவில் 53.12 விநாடி, 44ஆம் இடம், தகுதிச்சுற்றோடு வெளியே. அவரைக் கேலி செய்தவர்களை எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம். ஆனால் அந்த ஒப்பீடு இங்கே சரிவராது. நீச்சலில் தண்ணீரும் தூரமும் மாறுவதில்லை, கடிகாரம் பொய் சொல்லாது. 2.7 விநாடி இறங்கியிருக்கிறது என்றால் உடலில், பயிற்சியில் ஏதோ மாறியிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். டிஸ்க் கோல்ஃபில் மைதானம் மாறும், காற்று மாறும், மரம் நடுவில் நிற்கும். மொத்த ஸ்கோர் அந்தக் கடிகாரத்தின் வேலையைச் செய்யாது.

அப்படியானால் உண்மையான சரிவு எப்படித் தெரியும்? பட்டிங் ஒரு வாரம் கெட்டால் நான் கண்டுகொள்ளமாட்டேன், அது திரும்பி வரும். டிரைவின் தூரம் குறைந்து, ஃபேர்வேயில், அதாவது சரியான பாதையில், விழுவதும் குறைந்து, அது மூன்று நான்கு போட்டிக்குத் தொடர்ந்தால் கவனிப்பேன். அநேகமாகப் பின்னால் உடல் பிரச்சினை இருக்கும். எறியும்போது முன்காலை ஊன்றி இடுப்பைத் திருப்பித்தான் வேகம் வருகிறது. முழங்கால், கணுக்கால், முதுகு, தோள், முழங்கை எல்லாம் அந்த அடியை வாங்குகின்றன. ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற பெய்ஜ் பியர்ஸுக்கு 2023இல் கணுக்கால் முறிந்தது. வைசாக்கி, உண்ணி கடித்து வரும் லைம் நோயோடு போராடிய காலமும் உண்டு. நோயோ காயமோ உள்ளே இருக்கும்போது வெளியே தெரிவது ஸ்கோர் மட்டும்தான், காரணம் மாதக்கணக்கில் கழித்தே வரும்.

நீங்கள் சொல்கிற சாம்பியன் விஷயத்தில், சுற்றுவாரியாக ரேட்டிங்கை எடுத்துப் பாருங்கள். நான்கில் மூன்று சுற்று வழக்கம்போல இருந்து ஒன்று மட்டும் பள்ளத்தில் விழுந்திருந்தால், அந்த ஒரு சுற்றில் எத்தனை ஓபி, எத்தனை பட் தவறியது என்று எண்ணுங்கள். நான்கும் சேர்ந்து இறங்கியிருந்தால், அவருடைய அடுத்த இரண்டு மூன்று போட்டிகளில் டிரைவ் எங்கே விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும், எத்தனையாவது இடம் என்பதை அல்ல.