மன்றம் நடத்துவோர் கேட்டவை: கோரம் (கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச வருகை), கணக்கு, நிலா, இதழ், செயலாளர்

கேள்வி: ஐயா, எங்கள் கலை இலக்கிய அறிவியல் மன்றத்தில் 80 உறுப்பினர்கள். பொதுக்குழுவுக்கு 25 பேர் வந்தாலே அதிகம். விதிப்படி பாதிப்பேர் வேண்டும். மூன்று முறை ஒத்திவைத்தாயிற்று.

பதில்: கோரத்தைப் பாதியாக வைத்தால், வராதவர்கள் கையில் மன்றம் போய்விடும். ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 16 பேர், போதும். ஆனால் அதைத் திருத்தவே 40 பேர் வேண்டுமே! முதலில் பட்டியலைப் பாருங்கள். சந்தா கட்டாதவரை நீக்க விதி இடம் தந்தால், நினைவூட்டல் அனுப்பிக் கெடு முடிந்ததும் நீக்குங்கள். 80 என்பது 60 ஆனால் 30 பேர் போதும். பிறகு, கூட்டம் சேரும் ஆண்டுவிழா நாளில், விழாவுக்கு ஒரு மணி நேரம் முன்பாகப் பொதுக்குழுவை வையுங்கள். திருத்தத்தின் முழு வாசகமும் அழைப்பில் இருக்கட்டும். வெறுமனே ‘விதித் திருத்தம்’ என்று போட்டால், பின்னால் ஒருவர் செல்லாது என்று கிளம்புவார்.

கேள்வி: நான் பொருளாளர். வசூலான சந்தாவிலிருந்தே அரங்க வாடகையைக் கொடுத்துவிட்டு மீதியை வங்கியில் போடுகிறேன். தணிக்கையாளர் ஏற்கவில்லை.

பதில்: அவர் சொல்வது சரி. வசூல் குறையாமல் வங்கிக்குப் போனால், ரசீதுப் புத்தகத்தின் கூட்டுத்தொகையை வங்கி வரவோடு நேரடியாக ஒப்பிடலாம். நடுவில் எடுத்தால் இரண்டும் ஒட்டாது. நேர்மையானவர்மேலும் சந்தேகம் விழும். சில்லறைச் செலவுக்குத் தனியாக ஒரு நிலையான தொகை வைத்து, வவுச்சர் (செலவுச் சீட்டு) கொடுத்து நிரப்பிக்கொள்ளுங்கள். கையிருப்பும் வவுச்சர்களும் சேர்ந்தால் எப்போதும் அதே தொகை வர வேண்டும். இன்னொன்று: இருவர் கையெழுத்து என்று விதி வைத்துவிட்டு, வெற்றுக் காசோலைகளில் ஒருவர் முன்கூட்டியே கையெழுத்திட்டுத் தருவது பல இடங்களில் நடக்கிறது. அப்புறம் அந்த விதி எதற்கு?

கேள்வி: தொலைநோக்கியில் நிலா காட்டப் பௌர்ணமி நல்ல நாளா அண்ணா?

பதில்: அதற்கு அதுதான் மோசமான நாள். அன்று சூரிய ஒளி நிலவின்மேல் நமக்கு நேர் பின்னாலிருந்து விழும். நிழல் விழாததால் பள்ளமெல்லாம் மறைந்து வெள்ளைத் தட்டாகத் தெரியும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டி வையுங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே நிழல்கள் நீளும். பொழுது சாயும்போதே நிலா உயரத்தில் நிற்பதால் குழந்தைகள் காத்திருக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் மணிக்கு 60 பேர் பார்க்க முடியாது. மோட்டார் இல்லாத கருவியில் நிலா நகர்ந்துகொண்டே இருக்கும், அடிக்கடி திருப்ப வேண்டும். 40 என்று கணக்கிடுங்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இயங்கிய லூனார் சொசைட்டி என்ற அறிவியல் ஆர்வலர் மன்றம் பௌர்ணமியை ஒட்டித்தான் கூடியது. காரணம் வானியல் இல்லை. தெருவிளக்கில்லாத பாதையில் வீடு திரும்ப வெளிச்சம் வேண்டியிருந்தது.

கேள்வி: மன்ற இதழ் 22 பக்கம் வந்திருக்கிறது. அச்சகத்தில் 24 ஆக்கச் சொல்கிறார்கள். ஏன்?

பதில்: நடுவில் பின் அடிக்கும் இதழில் மடித்த தாள் ஒவ்வொன்றும் 4 பக்கம். ஆகவே 20 அல்லது 24. இடத்தை நிரப்பத் துணுக்கு தேடாமல், ஒரு கட்டுரையை அடுத்த இதழுக்குத் தள்ளி 20 ஆக்குங்கள்.

கேள்வி: பத்தாண்டாக இருந்த செயலாளர் அம்மா விலகுகிறார். எல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது.

பதில்: இரண்டு மாதம் புதியவரும் அவரும் சேர்ந்தே வேலை பார்க்கட்டும். தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, மின்னஞ்சல் கடவுச்சொல், அரங்கப் பொறுப்பாளர் எண், பீரோச் சாவி ஆகியவற்றைப் பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். இனி எல்லாம் ஒருவர் தலைக்குள் சேராமலிருக்க, 9 பேர் செயற்குழுவில் ஆண்டுக்கு 3 பேர் ஓய்வுபெறட்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யுங்கள்.