கேள்வி பதில்: காரை இறக்கலாமா, இறக்கை வைக்கலாமா?

கேள்வி: என்னிடம் 2013 மாடல் டொயோட்டா 86 இருக்கிறது. தினமும் வேலைக்கும் அதில்தான் போகிறேன், எப்போதாவது டிராக்கில் ஓட்டுவேன். 50 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் மட்டும் வாங்கிப் போட்டால் போதுமா, இல்லை உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த முழு காயில்ஓவர் செட்டா?

பதில்: முதலில் அந்த 50 மி.மீ.யை மறந்துவிடுங்கள். போட்டோவில் அழகாகத்தான் இருக்கும், வளைவில் சொதப்பும். உங்கள் காரின் முன்பக்கம் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. அதில் காரை அளவுக்கு மீறி இறக்கினால் லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கை) சக்கரத்தின் பக்கம் மேல்நோக்கித் திரும்பிவிடும், கூடவே ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) மளமளவென்று கீழே போய்விடும். கார் எவ்வளவு இறங்கியதோ அதைவிட அதிகமாக ரோல் சென்டர் இறங்கும் என்பதுதான் சிக்கல். காரின் எடை மையத்துக்கும் ரோல் சென்டருக்கும் நடுவில் இடைவெளி கூடுவதால், தாழ்ந்த கார் வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங், அதற்கு ஏற்ற ஷாக் என்று செலவு நீண்டுகொண்டே போகும்.

அப்புறம் பம்ப் ஸ்டாப். ஷாக் ராடில் மாட்டியிருக்கும் அந்தச் சின்ன ரப்பர் துண்டை யாரும் கண்டுகொள்வதே இல்லை. கார் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும்போது வளைவின் நடுவில் ஒரு சின்ன மேடு வந்தால் போதும், ஷாக் நேராக அந்த ரப்பரில் போய் இடிக்கும், ஸ்பிரிங் திடீரென்று பல மடங்கு கடினமானது மாதிரி ஆகி முன் டயர் பிடியை விட்டுவிடும். ஓட்டுபவர் டயரைத் திட்டுவார்.

ஸ்பிரிங் மட்டும்தான் என்றால் 20, 25 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள், பழைய ஷாக் தேய்ந்திருந்தால் அதுவும் வேண்டாம். காயில்ஓவர் என்றால், ஸ்பிரிங் தட்டைத் திருகி உயரம் குறைக்கிற வகையைவிட, அடியில் இருக்கும் பிராக்கெட்டைத் தனியாகத் திருகுகிற வகையைத் தேடுங்கள், அதில் ஷாக்கின் ஓட்டம் குறையாது. சாலை ஓட்டத்துக்கு வாங்குகிறீர்கள் என்பதால் பந்தய ஸ்பிரிங் எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் டயரும் அலைன்மென்ட்டும். தொழிற்சாலையிலிருந்து பல 86 கார்கள் 215/45 ஆர்17 அளவில் மிஷலின் பிரைமஸி எச்.பி. டயரோடு வந்தன, சில பிரியஸ் கார்களிலும் இருந்த அதே டயர். கார் எளிதாக நழுவி விளையாட வேண்டும் என்று வேண்டுமென்றே செய்தது அது. நல்ல டயர் மாட்டி, முன் கேம்பரை (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும் கோணம்) -1.5 முதல் -2 டிகிரிக்குக் கொண்டுவந்து, டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு காயில்ஓவர் ஆசை போய்விடும். கேம்பர் டயரைத் தின்றுவிடும் என்று பயமுறுத்துவார்கள், உண்மையில் வேகமாகத் தின்பது தப்பான டோதான்.

கேள்வி: ஷாக்கில் இருக்கும் திருகியை முழு ஹார்டில் வைத்தால்தானே ஸ்போர்ட்டியாக இருக்கும்?

பதில்: இல்லை. மேடு பள்ளத்தில் சக்கரம் தரையைவிட்டுத் துள்ளும், துள்ளுகிற டயருக்குப் பிடி ஏது? நடுவில் வைத்து ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் இரண்டு க்ளிக் மட்டும், முன் அச்சு, பின் அச்சு இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: ஆன்ட்டி ரோல் பார் 18 மி.மீ.யிலிருந்து 20 ஆக்கினால் வித்தியாசம் தெரியுமா? வெறும் 2 மி.மீ.தானே.

பதில்: நன்றாகவே தெரியும். இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் அந்தப் பாரின் கடினத்தன்மை விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், அதனால் அந்த 2 மி.மீ. சுமார் 50 சதவீதம் கூட்டிவிடும். முன்னால் போட்டால் கார் வளைவில் வெளியே தள்ளும், பின்னால் போட்டால் வால் சீக்கிரம் கிளம்பும். எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: பெரிய ரியர் விங் ஒன்று வாங்க ஆசை. நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். உண்மையிலேயே பயன் உண்டா?

பதில்: அழகுக்குத்தான் என்றால் தாராளமாக வையுங்கள், உங்கள் கார். பயனுக்கு என்றால் கணக்குப் பார்க்க வேண்டும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 120 கி.மீ. வேகத்தில் 40 கிலோ அழுத்துகிற விங், 60 கி.மீ.யில் 10 கிலோதான் தரும், ஊருக்குள் அது வெறும் சுமை. பின்னால் மட்டும் அழுத்தம் கொடுத்தால் வேகத்தில் முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் கேட்காமல் போகும், எனவே விங் என்றால் முன் பம்பருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்ப்ளிட்டர் தகட்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். டிக்கிக்கு ஒட்டினாற்போல் தாழ்வாக வைத்த விங்குக்குச் சுத்தமான காற்றே கிடைக்காது. டிக்கி தகட்டில் நாலு ஸ்க்ரூ அடித்து நிறுத்துகிற வேலையும் வேண்டாம், அடியில் பட்டை வைத்துப் பலப்படுத்துங்கள்.

அதற்காகக் காற்றை அலட்சியம் செய்யவும் கூடாது. 1998-இல் வந்த முதல் தலைமுறை ஆடி டி.டி. கண்ணைப் பறிக்கும் வடிவம், ஆனால் அந்த வழவழப்பான வாலில் காற்று அழுத்தவில்லை, தூக்கியது. ஜெர்மனியின் ஆட்டோபானில் அதிவேகத்தில் திடீரென்று பாதை மாற்றும்போதும் ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் பின்பக்கம் நழுவி, உயிரிழப்புகளே நடந்தன. பிறகு ஆடி கார்களைத் திரும்ப அழைத்து டிக்கிமேல் சின்ன ஸ்பாய்லர் வைத்தது, கார் நழுவாமல் பிரேக்கைத் தானே இயக்கும் இ.எஸ்.பி. சேர்த்தது, சஸ்பென்ஷனையும் மாற்றியது. காற்றையும் சஸ்பென்ஷனையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கேள்வி: பம்பர் ஃபைபர்கிளாஸில் வாங்கலாமா, பாலியூரித்தேனிலா?

பதில்: தாழ்ந்த கார், தினசரி ஓட்டம் என்றால் பாலியூரித்தேன். உரசினால் வளைந்து கொடுக்கும், ஃபைபர்கிளாஸ் விரிசல் விடும். ஆனால் ஃபைபர்கிளாஸ் எடை குறைவு, உடைந்தாலும் ஒட்டிச் சரிசெய்யலாம். எதுவானாலும் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் காரில் மாட்டிப் பாருங்கள், ஹெட்லைட்டுக்கும் பம்பருக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று. மலிவு பம்பரில் ஒரு பக்கம் விரல் நுழையும், இன்னொரு பக்கம் காகிதம்கூட நுழையாது. ரேடியேட்டருக்குக் காற்று போகும் வாய் பழைய அளவில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: காரை அகலமாக்கும் வைட்பாடி கிட்?

பதில்: ஃபெண்டரை, அதாவது சக்கரத்தைச் சுற்றியுள்ள தகட்டை, வெட்டிவிட்டால் திரும்ப வராது. வெட்டிய விளிம்புக்கு அன்றே ப்ரைமர் அடிக்காவிட்டால் துரு உள்ளிருந்து வரும். சக்கரத்தை வெளியே தள்ளத் தள்ள வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டீயரிங் பள்ளங்களைத் தேடி இழுக்கும். காரை விற்கும் எண்ணம் இருந்தால் இதைத் தொடவே தொடாதீர்கள், இல்லையென்றால் இன்ஷூரன்ஸ்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு ஆரம்பியுங்கள்.