கல்லறைக்குப் பின்னால் இருக்கும் மனிதரைத் தேடுவது எப்படி?

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறோம். நவம்பர் 11 நினைவு நாளுக்காக, முதல் உலகப்போரில் இறந்த ஒரு கனடிய வீரரைப் பற்றி எழுதி வரும்படி மகளின் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். பெயரும் கல்லறை இருக்கும் ஊரும்தான் கிடைத்தன. மற்றதை எங்கே தேடுவது?

பதில்: பெயரை வைத்துத் தேடினால் குழம்பிவிடுவீர்கள், ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். முதலில் அவருடைய படை எண்ணைப் பிடியுங்கள். கனடிய மெய்நிகர் போர் நினைவகத்தின் இணையதளத்தில் எண், பட்டாலியன் (அவர் இருந்த படைப்பிரிவு), இறந்த தேதி மூன்றும் இருக்கும். அப்புறம் அந்த எண்ணைக் கொண்டு கனடா நூலக ஆவணக் காப்பகத்தின் தளத்தில் தேடினால், அவருடைய முழுக் கோப்பையும் இலவசமாகப் படிக்கலாம். முதல் உலகப்போரில் பணியாற்றிய 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கோப்புகள் அங்கே உள்ளன.

சுருக்கெழுத்துகள் கொஞ்சம் மிரட்டும். 'டி.ஓ.எஸ்.' என்றால் ஒரு பிரிவில் சேர்ந்தார், 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் அதிலிருந்து நீக்கப்பட்டார். ஆபத்து அழைப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 'ஜி.எஸ்.டபிள்யூ.' குண்டுக்காயம்.

அடுத்தது பட்டாலியனின் போர் நாட்குறிப்பு. அதுவும் அதே காப்பகத்தில் கிடைக்கும். சாதாரணச் சிப்பாயின் பெயர் அதில் அபூர்வமாகத்தான் வரும். ஆனாலும் அவர் இறந்த வாரத்தின் பக்கங்களைக் கட்டாயம் படியுங்கள். மழையா, எந்தக் கிராமம், எதற்காக முன்னேறினார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

ஜார்ஜ் லாரன்ஸ் பிரைஸை எடுத்துக்கொள்ளுங்கள். நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, சஸ்காட்செவனின் மூஸ் ஜாவிலிருந்து போருக்குப் போனவர், 28-வது பட்டாலியன். 1918 நவம்பர் 11 அன்று பெல்ஜியத்தின் வில்-சூர்-ஏன் கிராமத்தில், கால்வாயைத் தாண்டிப் போய் வீடுகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். இறந்தபோது காலை மணி 10.58. போர்நிறுத்தம் 11 மணிக்கு. வயது 25. கல்லறைக் கல்லில் இறந்த தேதிதான் இருக்கும், நேரம் இருக்காது. அந்த இரண்டு நிமிடத்தைக் கல் சொல்லாது. 1991-இல் அந்தக் கால்வாயின் நடைபாலத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

கோப்பில் நான் முதலில் புரட்டுவது சம்பளத் தாளைத்தான். சிப்பாய்க்கு நாளுக்கு 1 டாலர், களப்படி (களப்பணிக்கான கூடுதல் படி) 10 சென்ட். அதில் ஒரு பகுதியை மாதாமாதம் யாருக்கு அனுப்பச் சொன்னார் என்று அதில் எழுதியிருக்கும். பெரும்பாலும் அம்மா, இல்லையென்றால் மனைவி. மகளை அந்தப் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.