ஆர்சிசிபி விழுகிறதா? முதலில் நியூட்ரலைப் பாருங்கள்

பழைய சுவிட்ச் இருந்தவரை பிரச்சினை இல்லை, ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டிய பிறகு ஹால் லைட்டைப் போட்டாலே ஆர்சிசிபி (போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் வித்தியாசப்பட்டால் லைனைத் துண்டித்து, ஷாக்கிலிருந்து காக்கிற சுவிட்ச்) டிரிப் ஆகிறது என்கிறீர்கள். சுவிட்சை உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள், எனக்கு நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற ஒயர் மேல்தான் சந்தேகம். பழைய சுவிட்சுக்கு நியூட்ரல் தேவையில்லை, உங்கள் ஸ்மார்ட் சுவிட்சுக்கு அதைக் கொடுத்திருப்பார்கள். பிளக் பாயிண்டும் சேர்ந்த போர்டு என்றால் எலக்ட்ரீஷியன் லைட் நியூட்ரலையும் பவர் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கியிருக்கலாம்; பவர் லைன் வேறு ஆர்சிசிபியில் இருந்தால் லைட்டுக்குப் போகிற கரண்டில் ஒரு பங்கு அந்தப் பக்கமாகத் திரும்பிவிடும், வித்தியாசம் 30 மில்லியாம்பியர் ஆனாலே போதும், அது விழத்தான் செய்யும். மெயினை ஆஃப் செய்து, டெஸ்டரில் பார்த்துவிட்டு, இரண்டையும் பிரித்து லைட் நியூட்ரலை மட்டும் சுவிட்சுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், எர்த் ஒயரை நியூட்ரலாகக் கொடுத்திருக்கிறாரா என்றும் பாருங்கள், அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்சிசிபியை பைபாஸ் செய்துவிடலாம் என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.