பூவைப் பிளந்து பார்த்தால் குடும்பம் தெரியும்

கேள்வி: செங்காந்தள், வெங்காயம், சோற்றுக் கற்றாழை, தண்ணீர்விட்டான் கிழங்கு நான்கும் லிலியேசி என்று பழைய பாடநூலில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் நான்குக்கும் நான்கு குடும்பம் வருகிறது. ஹெர்பேரியம் (உலர்த்திய செடி மாதிரி) தாளில் எதை எழுதுவது? (இளநிலைத் தாவரவியல் மாணவி, திருச்சி)

பதில்: இரண்டுமே தவறில்லை, வகைப்பாடுதான் வேறு. ஆறு பூவிதழ், ஆறு மகரந்தத்தாள், மேல்மட்டச் சூல்பை என்றால் வெளித்தோற்றத்தை வைத்துப் பிரிக்கும் பழைய பெந்தம்–ஹூக்கர் முறையில் பெரும்பாலும் லிலியேசிதான். கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த மதராஸ் மாகாணத் தாவரநூலும் (1915–1936) அந்த வரிசையில்தான் போகிறது. நம் கல்லூரிகளில் அந்த முறை இன்னும் நிலைத்திருக்க அதுவும் ஒரு காரணம். மரபணு ஒப்பீட்டை அடிப்படையாகக் கொண்ட ஏபிஜி (ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி குரூப்) முறை 1998-இல் வந்தது. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் இவை நெருங்கிய உறவல்ல என்று தெரிந்ததால் லிலியேசி உடைந்தது. 2016-இன் நான்காம் பதிப்புப்படி செங்காந்தள் கோல்சிகேசி, வெங்காயம் அமாரில்லிடேசி, சோற்றுக் கற்றாழை அஸ்போடெலேசி, தண்ணீர்விட்டான் அஸ்பராகேசி. தாளில் ஏபிஜி பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் "பெ.ஹூ.: லிலியேசி" என்று சேர்த்துவிடுங்கள்.

பெயரை மனப்பாடம் செய்வதைவிடச் செடியைக் கையில் எடுத்துப் பார்ப்பது முக்கியம். செங்காந்தளில் இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும். சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். இதன் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு, தொட்டபின் கையைக் கழுவுங்கள். தண்ணீர்விட்டானில் ஊசிபோல் பச்சையாகத் தெரிபவை இலைகள் அல்ல, உருமாறிய கிளைகள். வெங்காயத்தில் இலையில்லாத பூந்தண்டின் உச்சியில் குடைபோல் பூங்கொத்து இருக்கும், மொட்டில் அதை ஒரு சவ்வு மூடியிருக்கும். அதே அமாரில்லிடேசியைச் சேர்ந்த விஷமூங்கிலுக்கும் இதே அமைப்புதான். ஆனால் விஷமூங்கிலுக்குச் சூல்பை கீழ்மட்டம், வெங்காயத்துக்கு மேல்மட்டம். சூல்பையை மட்டும் நம்பினால் இங்கே தவறிவிடுவீர்கள்.

சூல்பையைப் பார்க்கும் முறை: காம்போடு பூவைப் பறித்து, புதிய பிளேடால் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கவும். பழைய பிளேடு நசுக்கிவிடும், அறைகள் ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை தெரியாது. பூவிதழ்கள் சூல்பையின் அடியிலிருந்து கிளம்பினால் மேல்மட்டம், தலையிலிருந்து கிளம்பினால் கீழ்மட்டம். இன்னொரு பூவின் சூல்பையைக் குறுக்கே வெட்டி, ஒரு சொட்டு நீர் விட்டு, 10 மடங்கு லென்ஸில் அறைகளை எண்ணுங்கள். சோற்றுக் கற்றாழையையும் ரயில் கற்றாழையையும் பிரிக்க இது ஒன்றே போதும்: முன்னது மேல்மட்டம், பின்னது கீழ்மட்டம்.

கேள்வி: நாற்று வயதில் நெல்லையும் குதிரைவாலிப் புல்லையும் எப்படிப் பிரிப்பது? கோரையும் புல் குடும்பம்தானா? (விவசாயி, தஞ்சை மாவட்டம்)

பதில்: இலைப்பரப்பும் இலையுறையும் சேரும் இடத்தில் இலையை மெல்லப் பின்னால் மடக்குங்கள். நெல்லில் அங்கே மெல்லிய வெள்ளைச் சவ்வு நிமிர்ந்து நிற்கும், இருபுறமும் மயிருள்ள சிறு காதுகள் தெரியும். குதிரைவாலிப் புல்லில் அந்த இடம் மொட்டையாக இருக்கும்.

கோரை போயேசி (புல் குடும்பம்) அல்ல, சைப்பரேசி. தண்டை விரலிடையே உருட்டினால் மூன்று விளிம்பு தட்டும், உள்ளே கெட்டி, இலைகள் மூன்று வரிசை. புல்லின் தண்டு உருண்டை, கணு தெளிவாக இருக்கும், இலைகள் இரண்டு வரிசை. உள்ளே பொள்ளலாக இருக்கிறதா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், கரும்பும் மக்காச்சோளமும் கெட்டித்தண்டுப் புற்களே.

கேள்வி: சேம்பு இலையில் வலை நரம்பு இருக்கிறதே, அது இருவித்திலையா? (ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: இல்லை, ஒருவித்திலைதான், ஏரேசி குடும்பம். மடல் சூழ்ந்த சதைப்பற்றான கதிர்தான் அதன் அடையாளம். வள்ளிக்கொடிக்கும் வலை நரம்பு உண்டு. எதிர்ப்பக்கமும் இப்படித்தான்: சீத்தாப் பூவில் ஒருவித்திலைபோல் இதழ் மூன்று, ஆனாலும் அது ஒருவித்திலை அல்ல.

கேள்வி: வாழை, இஞ்சி, கல்வாழை பூக்களில் சுருக்கமான வேறுபாடு? (போட்டித் தேர்வு மாணவர், மதுரை)

பதில்: வளமான (மகரந்தம் தரும்) மகரந்தத்தாளை எண்ணுங்கள். வாழைக்கு ஐந்து, இஞ்சிக்கு ஒன்று, கல்வாழைக்கு அரை. கல்வாழையில் பளிச்சென்று தெரிபவை அல்லிகள் அல்ல, இதழாக மாறிய மகரந்தத்தாள்கள். அவற்றில் ஒன்றின் ஓரத்தில் மட்டும் பாதி மகரந்தப்பை ஒட்டியிருக்கும்.