மகன் அணி மாறிவிட்டான் என்று வருந்தும் அப்பாவுக்கு

கேள்வி: நான் சென்னைக்காரன். வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தவன், இப்போது குடும்பத்தோடு ஈசூனில் இருக்கிறேன். மகன் இங்கேயே பிறந்தவன், உயர்நிலை இரண்டில் படிக்கிறான். சின்ன வயதிலிருந்தே இருவரும் சேர்ந்துதான் சிஎஸ்கே (சென்னை சூப்பர் கிங்ஸ்) கிரிக்கெட் ஆட்டம் பார்ப்போம். 2023 ஐபிஎல் இறுதி ஆட்டத்தை விடிய விடிய விழித்திருந்து பார்த்தோம். சிஎஸ்கே ஆட்டக்காரர் ஜடேஜா ராஜஸ்தான் அணிக்குப் போனதும் இவனும் கூடவே போய்விட்டான். பிறந்தநாளுக்கு ராஜஸ்தான் சட்டை வேண்டுமாம். காற்பந்திலும் மெஸ்ஸி போகிற இடமெல்லாம் இவனும் போகிறான். கோபத்தில் 'பச்சோந்தி' என்று திட்டிவிட்டேன். அதிலிருந்து என்னோடு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதில்லை. ஊர்ப்பற்றே இல்லாமல் வளர்கிறானோ?
- ஒரு தந்தை, ஈசூன்

பதில்: சகோதரரே, முதலில் அந்தச் சட்டையை வாங்கிக் கொடுங்கள். திட்டியதற்கு வருத்தமும் சொல்லிவிடுங்கள். அப்பா வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை பதினான்கு வயதுப் பையனுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். அவன் செய்ததோ அதற்கு நேர் எதிரானது. பிடித்த ஒருவரை அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

2023 ஆட்டத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இரவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அகமதாபாத்தில் மழை கொட்டி, சிஎஸ்கே பந்தடிக்க வேண்டியது 15 ஓவராகக் குறைந்து, நள்ளிரவு தாண்டித்தான் முடிந்தது. நமக்கு இங்கே விடியற்காலை நான்கு மணி இருக்கும். தோனி முதல் பந்திலேயே அவுட். கடைசி இரண்டு பந்தில் 10 ஓட்டம் வேண்டும். மோகித் சர்மா போட்ட பந்தை ஜடேஜா சிக்சருக்குத் தூக்கினார், அடுத்ததை ஃபோருக்குத் தட்டிவிட்டார். தோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்டார். உங்கள் பையனுக்கு அப்போது பதினொரு வயது இருக்குமா? பக்கத்தில் அப்பா துள்ளிக் குதிக்கிறார், அடுக்குமாடி முழுக்கத் தூங்குகிறது. ஜடேஜாமேல் அவனுக்கு இருக்கும் பிரியம் அன்றைக்கு உங்கள் வீட்டு வரவேற்பறையில் வேர்விட்டதாகத்தான் இருக்கவேண்டும். அதைப் போய்த் துரோகம் என்று நினைக்கலாமா?

தோனியும் ராஞ்சிக்காரர்தான். சென்னைக்காரர்கள் அவரை 'தல' என்று கூப்பிட்டுச் சொந்தம் கொண்டாடினார்கள். 2016, 2017 இரண்டு பருவமும் சிஎஸ்கே தடையில் இருந்தபோது அவர் புனே அணிக்கு ஆடினாரே, அப்போது நீங்கள் யாருக்குக் கைதட்டினீர்கள்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

சரி, அணிப்பற்று வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. இந்த விஷயத்தில் நான் உங்கள் கட்சி. 2018இல் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்க ஆட்டங்களைப் புனேக்கு மாற்றியபோது, சென்னையிலிருந்து சிறப்பு ரயிலேறிப் போனார்கள் ரசிகர்கள். அந்த மாதிரிப் பற்று ஒரு பிள்ளைக்கு வாய்த்தால் பெரிய சொத்து. ஜடேஜாவுக்கு வயது 37 ஆகிவிட்டது, மெஸ்ஸி அவரைவிட மூத்தவர். இருவரும் ஓய்வு பெறும் நாள் வரும், அன்றைக்கு உங்கள் மகன் யார் பக்கம் போவான் என்ற உங்கள் கவலை நியாயமானதே. ஆனால் அணிப்பற்றைத் திட்டி வரவழைக்க முடியாது. கூட்டிக்கொண்டு போய்த்தான் ஒட்டவைக்க முடியும்.

எந்த ஊருக்குக் கூட்டிப்போவது என்பதில்தான் நீங்கள் தடுமாறுகிறீர்கள். சென்னை உங்கள் ஊர். அவனுக்கு அது பாட்டி வீடு இருக்கும் ஊர், விடுமுறைக்குப் போகிற ஊர். 2025 அக்டோபரில் சிங்கப்பூர்க் காற்பந்து அணி கோவாவுக்கே போய் இந்தியாவை 2-1 என்று வென்றது. அன்றைக்கு அவன் எந்தப் பக்கம் இருந்தான் என்று கேட்டீர்களா? சிங்கப்பூர் பக்கம் என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். நீங்கள் தேடுகிற ஊர்ப்பற்று அதுதான்.

இந்த ஊர் நட்சத்திரத்தையும் அணியையும் ஒன்றாகவே நேசித்த ஊர். சிங்கப்பூர்க் காற்பந்து நட்சத்திரம் ஃபாண்டி அகமது மலேசியாவின் பகாங் அணியில் ஆடினார், 1992இல் அந்த அணி மலேசியக் கிண்ணத்தை வென்றது. இரண்டே ஆண்டில் அவர் தலைமையில் சிங்கப்பூர் இறுதி ஆட்டத்தில் அதே பகாங்கை 4-0 என்று வீழ்த்தியது. ஷா ஆலம் அரங்கத்துக்கு இங்கிருந்து பேருந்து பேருந்தாகப் போனவர்கள் யாரும் அவர் பகாங்குக்கு ஆடியதைக் கணக்கில் வைக்கவில்லை. 2025 நவம்பரில் ஹாங்காங்கைச் சிங்கப்பூர் 2-1 என்று வென்றபோது வெற்றி கோலை அடித்தவர் ஃபாண்டியின் மகன் இல்ஹான். அந்த வெற்றியால்தான் 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதிச்சுற்று வழியாக முதன்முறை நுழைகிறோம். 1984இல் போட்டியை ஏற்று நடத்தியதால் இடம் கிடைத்தது, அது வேறு கதை.

எனவே ஒரு காரியம் செய்யுங்கள். உள்ளூர் லீக் ஆட்டம் ஒன்றுக்கு ஜாலான் புசார் அரங்கத்துக்கு அவனை அழைத்துப் போங்கள். தேக்காவில் சாப்பிட்டுவிட்டு நடந்தே போய்விடலாம். சின்ன அரங்கம், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதுகூடக் காதில் விழும். தொலைக்காட்சியில் மெஸ்ஸி எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இந்த நெருக்கம் அங்கே கிடைக்காது. அவன் நண்பன் ஒருவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கூச்சம் போகும். விசுவாசம், பற்று என்ற பேச்சையே அன்றைக்கு எடுக்காதீர்கள். திரும்பி வரும் ரயிலில் எந்த ஆட்டக்காரரைப் பிடித்தது என்று மட்டும் கேளுங்கள். ஒரு பெயர் சொன்னானென்றால், அவருடைய அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று அங்கேயே பார்த்து வைத்துவிடுங்கள்.