ஒரு மணி நேரச் சமூக வானொலி நிகழ்ச்சி: கேள்வி பதில்

பாட்டு, அக்கம்பக்கத்துச் செய்தி, உரையாடல் மூன்றையும் சேர்த்துத் தன்னார்வலர்கள் வாரந்தோறும் நடத்தும் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பலர் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: அக்கா, முதல் இருபது நிமிடம் செய்தி, அடுத்து பேட்டி, கடைசியில் பாட்டு என்று நடத்துகிறோம். நடுவில் வருகிறவர்கள் நிற்பதே இல்லை. நேரத்தை எப்படிப் பிரிப்பது?

பதில்: வானொலி கேட்பவர் தொடக்கத்திலேயே வந்து உட்கார்வதில்லை. பத்தாவது நிமிடத்தில் ஒருவர் வருவார், நாற்பதாவது நிமிடத்தில் இன்னொருவர் வருவார். யார் எப்போது வந்தாலும் கால் மணிக்குள் பாட்டும் பேச்சும் இரண்டுமே காதில் விழ வேண்டும். அதற்குக் கடிகார முகம் போல ஒரு வட்டம் வரைந்து, அதில் பங்கு பிரியுங்கள்.

நன்றாக நடக்கக்கூடிய ஒரு பிரிவு இது. 1 நிமிடம் திறப்பு, இன்று என்னென்ன உண்டு என்று. 4 நிமிடம் பாட்டு. 5 நிமிடம் செய்தி. மறுபடி 4 நிமிடம் பாட்டு. 9 நிமிடம் உரையாடலின் முதல் பகுதி. பிறகு 4 நிமிடப் பாட்டு, 2 நிமிட அறிவிப்பு, 2 நிமிடத் தலைப்புச் செய்தி. அடுத்து 8 நிமிடத்துக்கு இரண்டு பாட்டு. 9 நிமிடம் உரையாடலின் இரண்டாம் பகுதி. 4 நிமிடம் பாட்டு, 3 நிமிடம் வரும் வார நிகழ்வுகள், 4 நிமிடம் கடைசிப் பாட்டு, 1 நிமிடம் விடைபெறுதல். கூட்டினால் 60 வரும். அதில் 28 நிமிடம் இசை.

இரண்டாம் பகுதி தொடங்கும்போது விருந்தினர் யார், பேச்சு எதைப் பற்றியது என்று இரண்டு வரியில் திரும்பச் சொல்லுங்கள். முதலிலிருந்து கேட்பவருக்கு அது பாரமில்லை, புதிதாக வந்தவருக்கு அதுதான் வாசல். கடைசிப் பாட்டுக்குப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: 4 நிமிடப் பாட்டு 59-இல் முடிய வேண்டுமென்றால் 55-இல் தொடங்கியே ஆக வேண்டும். பேச்சு நீண்டுவிட்டாலும் பாட்டை ஒலியில்லாமல் 55-இலேயே ஓடவிட்டு, பேச்சு முடிந்ததும் அதன் நடுவில் ஒலியை ஏற்றி நுழையுங்கள். அந்த இடத்துக்கு வரியில்லாத கருவியிசை வைத்திருந்தால் எங்கே நுழைந்தாலும் வெட்டுப்பட்டதாகத் தெரியாது.

கேள்வி: செய்தியைப் பத்திரிகையிலிருந்து எடுத்து அப்படியே படிக்கிறோம். புரியவில்லை என்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு எவ்வளவு எழுத வேண்டும்?

பதில்: தமிழில் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல் போகும். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் உங்கள் வாசிப்பாளரை ஒரு நிமிடம் படிக்கவைத்து எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு 450 முதல் 500 சொல், ஐந்தாறு செய்தி. அதற்கு மேல் திணித்தால் எதுவும் நிற்காது.

புரியாததற்குக் காரணம் வேகமல்ல, வாக்கியம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. ‘நடைபெற்று, முடிவெடுக்கப்பட்டு, அனுப்பிவைக்கப்பட்டு’ என்று எச்சங்களை அடுக்கினால் கேட்பவர் எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு வினைக்காகக் காத்திருக்க வேண்டும். அச்சில் கண் திரும்பிப் போகலாம், காதுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல் போதும்.

இதைவிட ஆபத்தானது ‘என்று அவர் குற்றம் சாட்டினார்’ என முடிவில் வருவது. அது வரும் வரை குற்றம் சாட்டுவது நீங்கள்தான் என்றே கேட்பவர் நினைப்பார். ‘குடியிருப்போர் சங்கத் தலைவர் சொல்வது இது’ என்று முன்னாலேயே ஆளைச் சொல்லிவிட்டுப் பிறகு அவர் சொன்னதைச் சொல்லுங்கள். ‘செய்யப்பட்டுள்ளது’ என்று வந்தால் யார் செய்தார் என்று தேடி எழுதுங்கள். 4,873 என்பதை ‘ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவு’ என்றால் காதில் நிற்கும்.

தாளில் பெரிய எழுத்தில், ஒரு தாளுக்கு ஒரு செய்தி. கடைசி நிமிடத்தில் ஒன்றை நீக்கினாலும் மற்றவை குலையாது.

கேள்வி: வாட்ஸாப்பில் வரும் செய்தியை எப்போது நம்பலாம்?

பதில்: ஒன்றையொன்று சாராத இரண்டு பேர் உறுதிப்படுத்திய பிறகு. ஒரே தகவல் ஐந்து குழுக்களில் வந்தாலும் அது ஒரே மூலம்தான். யார் மீது புகாரோ அவரை ஒலிபரப்புக்கு முன்னரே அழைத்துப் பதில் கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் கேட்டோம், கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். தவறு நேர்ந்தால் அடுத்த நிகழ்ச்சியில் அதே இடத்தில், அதே குரலில் திருத்தம். சின்ன அளவில் நடக்கும் வானொலிக்கு நம்பகம் ஒன்றுதான் சொத்து.

கேள்வி: மூன்று பேர் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறது. கண்டன்சர் மைக் மூன்று வைத்திருக்கிறோம். சுவரில் முட்டைத் தட்டு ஒட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. முட்டைத் தட்டு ஒலியைப் போதுமான அளவு உறிஞ்சாது, தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. தடித்த விரிப்பு, கனத்த திரைச்சீலை, துணியும் புத்தகமும் நிறைந்த அலமாரி இவை பயன்படும்.

உண்மையான காரணம், ஒருவர் குரல் மூன்று மைக்கிலும் சற்று முன்பின்னாக விழுந்து கலப்பது. கண்டன்சர் மைக் அறையின் ஒலி முழுவதையும் அள்ளிக்கொள்ளும். எதிரொலியைக் குறைக்கச் செம்மை செய்யாத அறைக்குக் கார்டியாய்டு வகை (முன்பக்க ஒலியையே முக்கியமாக வாங்கும்) டைனமிக் மைக்தான் ஏற்றது. ஷூர் எஸ்எம்58 போன்றது போதும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி. நேராக ஊதாமல் சற்றுக் கோணத்தில் வையுங்கள், ‘ப’ ஒலி வெடிக்காது. மைக்குக்கும் மைக்குக்கும் இடைவெளி, வாய்க்கும் மைக்குக்கும் உள்ளதைப்போல் குறைந்தது மூன்று மடங்கு. பேசாதவரின் ஃபேடரை, அதாவது மிக்ஸரில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை, கொஞ்சம் இறக்குங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டியைப் போட்டால் மேசை அதிர்வும் மின்விசிறி இரைச்சலும் குறையும்.

கேள்வி: தொலைபேசியில் வரும் விருந்தினருக்குத் தன் குரலே திரும்பக் கேட்கிறதாம். தடுமாறிப் போகிறார்.

பதில்: மிக்ஸரின் முழு வெளியீட்டையும் அவருக்கு அனுப்புகிறீர்கள், அதில் அவர் குரலும் இருக்கிறது. அவருக்குப் போக வேண்டியது ‘அவரைத் தவிர மற்ற எல்லாம்’. மிக்ஸரில் ஆக்ஸ் வெளியீடு ஒன்றை எடுங்கள்; எந்தச் சேனல் எவ்வளவு போக வேண்டும் என்று தனியாகக் கலந்து அனுப்பும் வழி அது. உங்கள் மைக், பாட்டு ஆகிய சேனல்களில் அந்த ஆக்ஸைத் திறந்து, தொலைபேசி சேனலில் மட்டும் முழுதாக மூடுங்கள். ஃபேடரின் நிலை அதைப் பாதிக்காதபடி ஆக்ஸை ‘ப்ரீ-ஃபேடர்’ நிலையில் வையுங்கள். அந்த வெளியீட்டைத் தொலைபேசிக்கு அனுப்பினால் எதிரொலி நின்றுவிடும்.

இணைய வானொலி என்றால் இன்னொன்று: கேட்பவருக்கு ஒலி பல விநாடிகள் தாமதமாகவே போகும். அழைப்பவரிடம் பக்கத்தில் ஓடும் வானொலியை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் இணைக்க வேண்டும்.

கேள்வி: பாட்டு காதைக் கிழிக்கிறது, பேச்சு முணுமுணுக்கிறது. இரண்டையும் உச்ச அளவுக்கு நார்மலைஸ் செய்துதான் போடுகிறோம்.

பதில்: உச்சத்தைச் சமப்படுத்தினால் காதுக்குச் சமமாகாது. பாட்டு முழுக்க உச்சத்தை ஒட்டியே இருக்கும். பேச்சில் ஒரு இருமல் உச்சத்தைத் தொட்டுவிட்டால் மீதியெல்லாம் கீழே கிடக்கும். அளக்க வேண்டியது சராசரி ஒலிப்பை, அதாவது எல்யுஎஃப்எஸ் அளவை. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர்128 பரிந்துரை மைனஸ் 23; இணையத்தில் பலர் மைனஸ் 16 அளவில் வைக்கிறார்கள். எதையாவது ஒன்றைத் தேர்ந்து எல்லாக் கோப்புக்கும் அதையே வையுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இதற்கு ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ இருக்கிறது. பதிவு செய்யும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் ஆடினால் போதும். பூஜ்யத்தைத் தொட்டுக் கிழிந்த குரலைப் பழையபடி மீட்க முடியாது.

கேள்வி: பேச்சுக்குப் பின்னால் இசை ஓடலாமா?

பதில்: திறப்புக்கும் அறிவிப்புக்கும் ஓடலாம், குரலைவிட 15 முதல் 20 டெசிபல் கீழே, பாடல் வரியில்லாமல். ஒருவர் தன் இழப்பைப் பற்றிப் பேசும்போது வேண்டவே வேண்டாம். என்ன உணர வேண்டும் என்று கேட்பவருக்குக் கட்டளையிடுவது போலாகிவிடும்.

கேள்வி: 30 விநாடிக்குள் பாட்டைப் போட்டால் உரிமை வாங்க வேண்டாம் என்கிறார்களே?

பதில்: அப்படி எங்கும் செல்லும் விதி எதுவும் இல்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் அடிப்படை ஒன்றே. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு: வரியும் மெட்டும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. பாடகர் சரி என்று சொன்னாலும், பதிவு ஒரு நிறுவனத்திடமும் மெட்டு இன்னொருவரிடமும் இருந்தால் அந்தச் சரி போதாது. நாட்டுப்புறப் பாட்டு பொதுச்சொத்தாக இருக்கலாம். அதை நேற்று ஒருவர் பாடிப் பதிவு செய்தது பொதுச்சொத்தல்ல.

ஒலிபரப்ப உரிமம் இருப்பதால் அதே நிகழ்ச்சியைப் பதிவிறக்கமாகத் தரலாம் என்றும் நினைக்க வேண்டாம். அது பெரும்பாலும் தனி உரிமம். அதனால் பேச்சையும் பாட்டையும் தனித்தனி டிராக்கில் பதிவு செய்யுங்கள். காப்பகத்துக்குப் பாட்டில்லாத பிரதியை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஒலித்த ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், வெளியிட்டவர், நீளம், ஒலித்த நேரம் ஆகியவற்றை அன்றைக்கே குறித்துவையுங்கள். பாட்டு முடிந்ததும் கலைஞர் பெயரை வாயாலும் சொல்லுங்கள். சுயாதீனக் கலைஞருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

கேள்வி: ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று மட்டும் சொல்லும் விருந்தினரை என்ன செய்வது?

பதில்: ‘கஷ்டமாக இருந்ததா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’தான் வரும். ‘அன்று காலை முதலில் என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மூன்று விநாடி சும்மா இருங்கள்; பெரும்பாலும் நல்ல பதில் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வருகிறது. கேள்விகளை முன்கூட்டி முழுதாகக் கொடுக்காதீர்கள், மனப்பாடமாக வந்து நிற்கும். தலைப்பு மட்டும் சொன்னால் போதும்.

கேள்வி: விளம்பரமும் அரசுப் பணமும் இல்லாமல் இப்படிப்பட்ட வானொலி எங்காவது நிலைத்திருக்கிறதா?

பதில்: நிலைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் லூயிஸ் ஹில் முன்னின்று 1949-இல் தொடங்கிய கேபிஎஃப்ஏ, கேட்பவர்களின் சந்தாவை நம்பி எழுந்தது. அடுத்த ஆண்டே பணமின்றி நின்று, கேட்பவர்கள் பணம் திரட்டியதால் 1951-இல் மீண்டும் ஒலித்தது. பொலிவியாவின் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பங்கை ஒதுக்கியே வானொலிகளை நடத்தினார்கள். நன்கொடை யாரிடம் வாங்கினாலும், அதை வாங்குகிறவரும் செய்தியைத் தேர்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

கேள்வி: நேரலை நடுவில் இணைப்பு அறுந்து வெறும் நிசப்தம் போகிறது. என்ன ஏற்பாடு வைக்கலாம்?

பதில்: முதலில் வைஃபையை விட்டுக் கம்பி இணைப்புக்கு வாருங்கள். 128 கிலோபிட் ஒலி ஓடைக்கு (ஸ்ட்ரீம்) பதிவேற்ற வேகம் குறைந்தது அதைப்போல் இரண்டு மடங்கு நிலையாக இருக்க வேண்டும். இணைய வானொலிக்கான ஐஸ்காஸ்ட் வழங்கியில் (சர்வர்) ‘ஃபால்பேக்’ மவுண்ட், அதாவது மாற்று ஓடை ஒன்றை அமைத்து அதில் எப்போதும் ஓடும் இசைப்பட்டியல் ஒன்றை வைத்தால், உங்கள் இணைப்பு அறுந்ததும் கேட்பவர்கள் தானாக அங்கே போவார்கள். இரண்டு ஓடைகளும் ஒரே வடிவத்தில், ஒரே பிட் வேகத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில பிளேயர்கள் நின்றுவிடும். ரூட்டரையும் கணினியையும் மிக்ஸரையும் யூபிஎஸ்ஸில் கொடுங்கள். விருந்தினர் வராத நாளுக்காகவும் அரை மணி நேரப் பதிவு ஒன்று, தேதி குறிப்பிடாமல், மேசைக் கணினியிலேயே தயாராக இருக்கட்டும். இணையத்தில் மட்டும் சேமித்தால் இணைப்பு அறுந்த அன்று அதுவும் கைக்கு வராது.